ஆறன்முளைக் கண்ணாடி விடுபட்டது ஏன்?

ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யாவின் மத்ரியோஷ்கா மரப்பொம்மை தொடங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்த வில்லை வரை, எந்த நாட்டிலிருந்து எதை நினைவுப் பொருளாக வாங்கி வரலாம் என்று விவரிக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அதில் கேரளத்தின் ஆறன்முளையில் செய்யப்படும் உலோக முகக்கண்ணாடியான ஆறன்முளைக் கண்ணாடிக்கு ஒரு வரிகூட இல்லாதது ஏமாற்றமளித்தது. நான் செங்கோட்டைக்காரன். 1956இல் தமிழகத்துடன் இணையும்வரை மலையாள நாட்டோடு ஒரே ஆட்சியின்கீழ் இருந்த ஊர் என்பதால், கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவுக்கு அப்பால் எங்களுக்கு இன்றும் கொள்வினை கொடுப்பினை உண்டு. புனலூரில் என் அத்தை வீட்டில், விஷுப் பண்டிகையன்று விடியலில் முதலில் கண்விழித்துப் பார்க்க வைக்கும் விஷுக்கணித் தட்டில்தான் இக்கண்ணாடியை முதலில் பார்த்தேன்.

செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றப்படும் இவ்வுலோகத்தின் முன்பரப்பே பிம்பத்தைக் காட்டுவதால், அதன்மேல் ஒரு குச்சியின் நுனியை மெல்ல வைத்தால் நுனியும் பிம்பமும் இடைவெளியின்றி முட்டி நிற்கும். பின்புறம் பூச்சுள்ள சாதாரணக் கண்ணாடியிலோ இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெளிவாகத் தெரியும். இச்சோதனையை அறியாமல், வழியோரக் கடை ஒன்றில் பித்தளைச் சட்டமிட்ட வெறும் கண்ணாடியை நல்ல விலை கொடுத்து வாங்கிவந்து, அதே அத்தையிடம் வசவும் வாங்கினேன்.

இன்னொன்று: மத்ரியோஷ்காவைப் பழங்காலக் கலை என்று கட்டுரை குறிப்பிடுகிறது. அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்குப் பின்னரே வெளிநாடுகளில் பரவிய பொம்மை.

ஆறன்முளைக் கண்ணாடியை வாங்குவோர் அதன் முகத்தை வெறுங்கையால் தொடாமல், மென்மையான துணியால் மட்டும் துடைத்துவர வேண்டும். விரல் ரேகை பட்டால் மங்கிவிடும்.