கேட்டுக்கொண்டிருப்பவரை ஏன் கூப்பிடுகிறீர்கள்?

நேற்று இரவு அந்த வானொலி அலைவரிசையைக் கேட்டவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுத வருகிறேன் என்று தெரியும். காலையிலிருந்து நாலைந்து பேர் இன்பொக்ஸில் வந்து, "அண்ணை, அந்தக் காம்போதி ராகத்தைக் கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டேன். பாதிதான் கேட்டேன். மிச்சத்தை இன்னொரு நிகழ்ச்சிக்கான ட்ரெயிலர் விழுங்கிவிட்டது.

நிலையத்தின் பெயரை எழுதமாட்டேன். யாரையும் சந்தியில் இழுத்து வைத்து அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை. நாள் முழுக்க சாஸ்திரிய சங்கீதம் போடும் வானொலி நமக்கு எத்தனை இருக்கிறது? அது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட முதல் ஆட்களில் நானும் ஒருவன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

கேட்காதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பழைய கச்சேரிப் பதிவு. பாடகர் காம்போதியை இருபது நிமிடத்துக்கு மேல் ஆலாபனை செய்து, மேல் ஸட்ஜத்தில் நின்று, படிப்படியாக இறங்கி வந்து முடித்தார். சபையில் யாரோ "ஆஹா" என்றது பதிவில் கேட்டது. அடுத்தது அதே ராகத்தைத் தனியாக வாசிக்கும் வயலின்காரரின் முறை. வில்லைப் போட்டு, காம்போதிக்கே உரிய அந்த 'ஸநிபதஸ' என்ற ஸ்வரப் பிடியைத் தொட்டார். ஒரே தடவைதான் தொட்டார். அந்த இடத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம், அதன்மேல் ஒரு ஆண்குரல்: வருகிற ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு மணிக்கு, தவறாமல் கேளுங்கள்! முக்கால் நிமிடம். அது முடிந்து திரும்பினால் கீர்த்தனையின் பல்லவி போய்க்கொண்டிருக்கிறது. வயலின்காரர் வாசித்த காம்போதி எங்கே? வெட்டி எறிந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. 81 வயது. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. இப்போது அவவுக்கு உலகம் என்பது காதுதான். ஆலாபனை நடக்கும்போது கண்ணை மூடி, பிளேன்டீ டம்ளரை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி, தலையை மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தா. அந்தக் குரல் வந்ததும் உடம்பே தூக்கிப்போட்டது. தேத்தண்ணி சேலையில் ஊற்றுப்பட்டுப் போனது. "ஆரு தம்பி வந்திருக்கிறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டா. வீட்டுக்குள் யாரோ புகுந்து கத்துவதாக நினைத்துவிட்டா. ஒருத்தரும் வரவில்லை அம்மா, றேடியோதான் என்று சொல்லிச் சேலையைத் துடைத்துவிட்டேன்.

நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. நாங்கள் ஏற்கனவே கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? பிறகு ஏன் எங்களையே கூப்பிடுகிறீர்கள்? தெருவில் போகிறவரைக் கூப்பிடத்தான் முன்னோட்டம். எங்கள் திருகோணமலைக் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வந்து, மலையேறி, வரிசையில் நிற்கிற ஆளின் காதுக்குள் ஒலிபெருக்கியை வைத்து, "திருவிழாவுக்கு வாருங்கள்" என்று யாராவது கத்துவார்களா? அதுவும் சுவாமிக்குத் தீபம் காட்டுகிற நேரத்தில்?

போன சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் கொப்பியும் பேனையும் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அதே ட்ரெயிலர் 14 தரம். அதே குரல், அதே டமார், அதே 'தவறாமல்'. மூன்றாம் தரத்துக்கு மேல் அந்த நிகழ்ச்சி என்னவென்பதே மனதில் பதியவில்லை. எரிச்சல் மட்டும்தான் பதிந்தது.

இது வெறும் சத்தப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கச்சேரி கேட்கும்போது காது தம்பூராவின் சுருதியில் போய் உட்கார்ந்துவிடும். பாடகர் எந்தச் சுருதியில் பாடுகிறாரோ அதன் ஸட்ஜம்தான், அந்த 'ஸ'தான், அந்த நேரத்துக்கு நமக்கு வீடு. இடையில் வேறு சுருதியில் ஒரு கீபோர்ட் இசை வந்து அடித்தால் காது இடம்பெயர்ந்து போகும். திரும்பக் கச்சேரிக்கு வந்தால், பாடகர் சரியாகப் பாடினாலும் ஒரு நிமிடத்துக்குச் சுருதி விலகியதுபோலவே கேட்கும். அதோடு, கச்சேரிப் பதிவில் மெல்லிய இடமும் இருக்கும், ஓங்கிய இடமும் இருக்கும். ட்ரெயிலரில் எல்லாமே உச்சத்தில் அமுக்கி வைத்திருக்கும். மெல்லிய இடம் கேட்கவேண்டும் என்று நாங்கள் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்போம். அந்த உயரத்தில் ட்ரெயிலர் வந்து விழும். பாட்டுக்குள்ளே ஊசி குத்தின மாதிரி.

"திரும்பத் திரும்பப் போட்டால்தான் மனதில் நிற்கும், அதுதான் வானொலி" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். சரி, அகில இந்திய வானொலியின் குறியிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் பம்பாய் நிலையத்தில் வேலைசெய்த வால்டர் காஃப்மன் என்பவர் அமைத்தது என்று சொல்வார்கள். ஐரோப்பாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர். சிவரஞ்சனி ராகத்தின் சாயல் உள்ள மெட்டு, அடியில் தம்பூரா. எத்தனை பத்தாண்டுகளாக அதே மெட்டு! அதைக் கேட்டு எரிச்சல்பட்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. என் வயதுக்காரர்களுக்கு இப்போது கேட்டாலும் கண் கலங்கும். ஏன்? அது ஒலிபரப்பு தொடங்கும்போது வரும். வந்து, கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கிப் போய்விடும். யாருடைய ஆலாபனைக்குள்ளும் காலை வைக்காது.

அப்பா இரவில் திருச்சி வானொலி பிடிப்பார். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மத்திய அலையில் வருவது. பகலில் ஒன்றும் கிடைக்காது, இருட்டினால்தான் அலை தூரம் போகும். பெட்டியை மேசையில் வைத்து மெல்ல மெல்லத் திருப்பி, ஒரு கோணத்தில் தெளிவாக வரும்போது "அசையாதேங்கோ" என்பார். நாங்கள் அப்படியே சிலையாக நிற்போம். ஆனாலும் அலை வந்து வந்து போகும். நல்ல இடத்தில் கரகரவென்று மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் அப்பா ராகத்தை வாய்க்குள் முணுமுணுத்து இட்டு நிரப்புவார். அலை திரும்பும்போது சில நேரம் பாடகரும் அப்பாவும் ஒரே ஸ்வரத்தில் வந்து நிற்பார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அப்படிக் கஷ்டப்பட்டுக் கேட்ட ஊர் இது. இன்று ஒரு கரகரப்பும் இல்லை, கண்ணாடி மாதிரித் தெளிவாக வருகிறது. அந்தத் தெளிவை வைத்துக்கொண்டு நீங்களே குறுக்கே வெட்டுகிறீர்கள்.

"இலவசமாகத்தானே கேட்கிறீர்கள்" என்பவர்களுக்கு: கோயில் பிரசாதமும் இலவசம்தான். அதற்காக மண்ணோடு கொடுப்பதா?

"விளம்பரம் இல்லாமல் நிலையம் எப்படி நடக்கும்?" இது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கமாட்டேன். கரண்ட் பில் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. நகைக்கடை விளம்பரம் போடுங்கள், சீமெந்து போடுங்கள், ஒரு உருப்படி, அதாவது ஒரு பாட்டு, முடிந்த பிறகு போடுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் நேற்று வந்தது அதுவா? உங்கள் சொந்த நிகழ்ச்சிக்கான முன்னோட்டம். அதற்கு ஒரு சதமும் யாரும் தரவில்லை. கேட்பவர்கள் வேறு வேறு நேரத்தில் வருவார்கள், அதனால் பல தரம் சொல்லவேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மணிக்கு ஒருமுறை, உருப்படிகளுக்கு நடுவில், மனிதக் குரலில், "ஞாயிறு எட்டு மணிக்கு இன்னாருடைய கச்சேரி" என்று அமைதியாகச் சொன்னால் நான் நாள்காட்டியில் எழுதி வைப்பேனே!

வேறொருவர் 1952ஐ ஞாபகப்படுத்தினார். அமைச்சர் கேஸ்கர் இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி சாஸ்திரிய சங்கீதத்தை முன்னால் வைத்தார், சனம் எல்லாம் இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிக்கொண்டது, உங்களைப்போன்ற ஆட்களை நம்பினால் நிலையத்தை மூடவேண்டியதுதான் என்றார். ஐயா, அது கேட்டதைக் கொடுக்காததால் சனம் போன கதை. நாங்களும் கேட்க வந்ததைக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

"யூடியூப்பில் கேட்கலாமே." அம்மாவுக்குத் திரை தெரியாது. றேடியோவின் குமிழ் விரலுக்குத் தெரியும். அவ்வளவுதான் பதில்.

"இது மேல்தட்டுக்காரரின் சங்கீதம், ஊரில் எத்தனை பிரச்சினை இருக்கிறது, உங்களுக்கு ட்ரெயிலர்தான் கவலையா?" இதை எழுதிய பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் மனம் நொந்தது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்தக் கோணமாமலையைப் புறநீர்மை என்ற பண்ணில், அதாவது பழைய தமிழ் ராகத்தில், பாடியிருக்கிறார். பண் இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்த பணக்கார விருந்தாளி இல்லை. பத்திரகாளி அம்மன் கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வெறுங்காலோடு மண்ணில் நிற்கிற சனம் எந்தத் தட்டு? எங்கள் ஒழுங்கை முனையில் ஓட்டோ ஓடும் தம்பி, நேற்றுக் காம்போதி போகும்போது சவாரி முடிந்தும் இறங்காமல் ஓட்டோவுக்குள்ளேயே இருந்திருக்கிறார். காலையில் பாண் வாங்கப் போனபோது சொன்னார், "வயலினுக்காகத்தான் அண்ணை பார்த்துக்கொண்டிருந்தனான்" என்று.

அந்த வயலின். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

எங்கள் சித்தப்பா வயலின்காரர். பெரிய பெயரில்லை. அரங்கேற்றங்களுக்கும் கோயில் கச்சேரிகளுக்கும் பக்கவாத்தியம் வாசித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தவர். 70களில் ஒருமுறை இலங்கை வானொலியில் அரைமணி நேரக் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். இரவு மெயில் ரயிலில், கல்ஓயாச் சந்தியில் பெட்டி மாற்றும்வரை விழித்திருந்து, வயலின் பெட்டியை மடியிலிருந்து இறக்காமல் கொழும்புக்குப் போனதாகச் சொல்லுவார். ஒலிபரப்பான அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் அயலட்டை எல்லாம் பாயில் இருந்தது. அறிவிப்பாளர் பாடகரின் பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "வயலின்" என்று சொல்லி, சித்தப்பாவின் முழுப்பெயரையும் சொன்னார். தகப்பன் பெயரோடு. அப்பா எழும்பி வெளியே போய்விட்டார், அழுகிறதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று. கச்சேரி முடிந்ததும் இன்னொருமுறை அதே பெயர்களை, அதே நிதானத்தில் சொன்னார்கள்.

அந்தக் கச்சேரியின் ராக ஆலாபனையில் சித்தப்பாவுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. அதற்காகத்தான் இருபது வருடம் சாதகம், அன்றாடப் பயிற்சி. பக்கவாத்தியக்காரருக்குக் கச்சேரியில் தனக்கென்று இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் இன்னொருவரின் குரலுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பவர். அந்த நேரத்தைத்தான் நீங்கள் இடைவெளி என்று நினைத்து ட்ரெயிலர் வைத்தீர்கள். பாடகர் வாய் மூடினால் அங்கே ஒன்றுமில்லை என்று உங்கள் கணினிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சித்தப்பாவின் அந்தக் கச்சேரியை அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் ரேப் ரெக்கோடர் வைத்துப் பதிந்திருந்தார். கடற்கரை வீட்டில் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று சுனாமியில் அலுமாரியே போய்விட்டது. சித்தப்பாவும் இப்போது இல்லை. அவருடைய வில் எப்படி இறங்கும் என்பது அம்மாவின் காதிலும் என் காதிலும் மட்டும்தான் மிச்சம். அதனால் யாருடைய வயலினையாவது பாதியில் வெட்டினால் எனக்கு அது யாரோ ஒருவருடையது என்று தோன்றுவதில்லை. நேற்று வாசித்தவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், பாய் விரித்த கூடம் இருந்திருக்கும்.

அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. கடைசியில் பாடகரின் பெயரை மட்டும் சொன்னீர்கள், அதுவும் அடுத்த ட்ரெயிலருக்கு முந்தி அவசரமாக.

இன்று காலை அம்மாவுக்கு முகம் கழுவ வெந்நீர் கொண்டுபோனேன். "ராத்திரி அந்த வயலின் ஆர் தம்பி? தொடங்கினவர், பிறகு காணேல்லை" என்று கேட்டா. தெரியாது அம்மா என்றேன். "உன்ர சித்தப்பா மாதிரி இருந்தது" என்றா.

நிலையத்தில் இருப்பவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், உங்களில் இரண்டு பேர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பதிவு உங்களிடம் முழுதாக இருக்கும். எந்த நாள் என்றாலும் சரி, எந்த நேரம் என்றாலும் சரி, அந்த வயலின் ஆலாபனையை வெட்டாமல் ஒருமுறை போடுங்கள். பெயரையும் சொல்லுங்கள். எப்போது போடுகிறீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதினால் போதும், அம்மாவைக் கதிரையில் கொண்டுவந்து இருத்திவிடுகிறேன்.