நாலு சீட் இருந்தால் நாலு பெட்டி போகுமா?

வெளியூரில் வாடகைக் கார் பதிவு செய்வது பற்றி ஒருவர் "மினி வகையே (இருப்பதிலேயே சின்ன கார்) போதும், நாலு சீட் இருக்கு, நாலு பேர் பெட்டியோட தாராளமா போகலாம், வர்றது எப்படியும் படத்துல இருக்கிற கார்தான்" என்று போட்டிருக்கிறார். ரெண்டுமே தப்பு.

முதலில் டிக்கி. மினி வகையில் வரும் ஃபியட் 500-க்கு 185 லிட்டர், அதைவிடப் பெரிய இப்போதைய ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 351. லிட்டர் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது, ஏனென்றால் பல கம்பெனிகள் அதை ஒரு லிட்டர் அளவுள்ள சின்னக் கட்டைகளை மூலைமுடுக்கெல்லாம் அடுக்கித்தான் அளக்கின்றன, உங்கள் பெட்டி அப்படி மூலைக்குள் வளைந்து போகாது. 75 x 50 x 30 செ.மீ. பெட்டி ஒன்றே 112 லிட்டர் வந்துவிடும், அப்போது மினியில் ரெண்டாவது பெட்டி எங்கே போகும்? பின் சீட்டை மடக்கத்தான் வேண்டும், மடக்கினால் அங்கே உட்காரவேண்டியவர் வேறு வண்டிதான் பார்க்கணும்.

அப்புறம் பதிவு செய்யும் பக்கத்தில் காட்டும் கார் படம். அதன் கீழே பொடி எழுத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று இருக்கும், பலர் அதைப் படிப்பதே இல்லை. நீங்கள் பதிவு செய்வது மாடலை இல்லை, வகையை. பல இடங்களில் நாலெழுத்துக் குறியீடு ஒன்று கூடவே வரும்: முதல் எழுத்து எம் என்றால் மினி, ஈ என்றால் அதற்கு அடுத்த பெரிய எகானமி, சி என்றால் அதையும்விடப் பெரிய காம்பாக்ட். மூன்றாவது எழுத்தையும் பாருங்கள், அங்கே எம் என்றால் மேனுவல் கியர், ஏ என்றால் ஆட்டோமேட்டிக். கிளட்ச் பழக்கம் இல்லாதவர்களுக்கு இது டிக்கியைவிட முக்கியம்.

ரெண்டு பேர், ஆளுக்கொரு கைப்பை என்றால் மினி தாராளம், அதில் சண்டையே இல்லை. மூன்று பேர், பெரிய பெட்டிகள் என்றால் காம்பாக்டுக்குக் கீழே போகாதீர்கள். கவுன்டரில் சும்மாவே பெரிய வண்டி தருவார்கள் என்று கணக்குப் போடுவதும் வேண்டாம், நீங்கள் கேட்ட வகை தீர்ந்துபோய் பெரிய வண்டி மிஞ்சினால்தான் பெரும்பாலும் அது நடக்கும்.