கொடி மாறினால் கப்பலின் கதை முடிந்துவிடுமா?

இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்கப் போர்க்கப்பல்களின் சேவை வரலாறுகளை வாசிக்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியிருக்கும். எந்தத் தளத்தில் கட்டினார்கள், எப்போது நீரில் இறக்கினார்கள், எந்தத் தேதியில் எந்தத் தீவின் மேல் குண்டு போட்டது, எத்தனை போர் நட்சத்திரம் வாங்கியது என்று நாள் கணக்காக எழுதிக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஒரே வரி: இன்ன ஆண்டில் இன்ன நாட்டுக்குக் கொடுக்கப்பட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு, இனி அந்த வீட்டுப் பாடு என்கிற மாதிரி. எனக்கு இது கொஞ்சமும் சரியாகப் படவில்லை. பல கப்பல்களுக்கு அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது.

ஃபீனிக்ஸ் என்ற குரூசரை (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் கேம்டன் தளத்தில் கட்டி 1938-இல் சேவைக்கு வந்த கப்பல், ஆறு அங்குலப் பீரங்கிகள் பதினைந்து. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் தாக்கியபோது பேர்ல் ஹார்பரில்தான் நின்றது, ஒரு கீறல் விழவில்லை. எரிகிற அரிசோனாவையும் வெஸ்ட் வர்ஜீனியாவையும் கடந்து அது துறைமுகத்தை விட்டு வெளியேறும் புகைப்படத்தைக் கப்பல் பைத்தியங்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்புறம் இந்தியப் பெருங்கடலில் ரோந்து, நியூ கினியா கரை, 1944-இல் லாஸ் நெக்ரோஸ் தாக்குதலின்போது அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரே அதில் பயணம், அதே ஆண்டு அக்டோபரில் சூரிகாவ் நீரிணையில் ஜப்பானியப் போர்க்கப்பல்களோடு இரவுச் சண்டை. 1946-இல் ஓய்வு. 1951-இல் அர்ஜென்டினாவுக்கு விற்பனை.

அமெரிக்கக் கணக்கில் இத்தோடு சரி. ஆனால் அந்த விற்பனையே ஒரு வேடிக்கையான ஏற்பாடு. அர்ஜென்டினா, பிரேசில், சிலி மூன்று நாடுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்ததால், யாருக்கும் மனக்கசப்பு வரக்கூடாது என்று ஆளுக்கு இரண்டு குரூசர்கள், எல்லாமே புரூக்ளின் வகையையும் அதன் நெருங்கிய உறவையும் சேர்ந்தவை. ஃபீனிக்ஸுக்கு அர்ஜென்டினா வைத்த பெயர் "அக்டோபர் 17". 1945-இல் பின்னால் அதிபரான ஹுவான் பெரோனைத் தொழிலாளர்கள் திரண்டு வந்து சிறையிலிருந்து மீட்ட நாள் அது. பெரோன் பெருமைக்காகப் பெயர் வைத்த கப்பல் 1955 செப்டம்பரில் பெரோனைக் கவிழ்த்த கலகத்தில் சேர்ந்துகொண்டது. மறு ஆண்டே பெயரை மாற்றி ஜெனரல் பெல்கிரானோ ஆக்கிவிட்டார்கள்.

இதைவிட அதிசயம், பேர்ல் ஹார்பர் அன்று ஃபீனிக்ஸோடு சேர்ந்து ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் தேடிப்போன இன்னொரு குரூசர் செயின்ட் லூயிஸ், அது பிரேசிலுக்குப் போய் தமந்தாரே ஆனது. அதே 1955-இல், இரண்டே மாதம் கழித்து, நவம்பரில், பதவி பறிபோகிற நிலையில் இருந்த அதிபர் கார்லோஸ் லூஸை ஏற்றிக்கொண்டு ரியோவிலிருந்து வெளியேறும்போது பிரேசிலின் சொந்தக் கோட்டைகளே அதன் மேல் சுட்டன. ஜப்பான்காரனிடம் தப்பி வந்த இரண்டு கப்பல்களும் ஒரே ஆண்டில் இரண்டு நாட்டு அதிகாரச் சண்டையில் மாட்டியிருக்கின்றன. இதை ஒரே பக்கத்தில் சேர்த்து வாசிக்க எங்கே கிடைக்கிறது? தமந்தாரேயின் முடிவும் விசித்திரம்தான்: 1980-இல் உடைப்பதற்காகத் தைவானுக்கு இழுத்துப்போகும் வழியில், ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் பக்கத்தில், தானாகவே மூழ்கிவிட்டது.

பெல்கிரானோவின் முடிவு எல்லோருக்கும் தெரியும். 1982 மே 2, ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் பிரிட்டனும் போட்ட போர், பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கி காங்கரர் மூன்று டார்ப்பிடோ விட்டது, இரண்டு பட்டன, 323 பேர் செத்தார்கள். அந்த டார்ப்பிடோக்களும் இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய வடிவமைப்பு. தீவுகளைச் சுற்றி பிரிட்டன் அறிவித்த இருநூறு மைல் தடைவளையத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்த கப்பலை ஏன் அடித்தார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்லவருவது வேறு. அன்று பெல்கிரானோவுக்குத் துணையாக வந்த இரண்டு டெஸ்ட்ராயர்களும் (குரூசரைவிடச் சின்ன, வேகமான போர்க்கப்பல்கள்) பழைய அமெரிக்கக் கப்பல்களே. பியத்ரா புவேனா என்பது பழைய காலெட், 1950-இல் இஞ்சோன் தரையிறக்கத்துக்கு முன்னால் வட கொரியக் கரைப் பீரங்கிகளிடம் அடி வாங்கியது. இப்போலிட்டோ புச்சார்ட் என்பது பழைய போரி, நாகசாகியில் குண்டு விழுந்த அதே 1945 ஆகஸ்ட் 9-இல் தற்கொலை விமானம் மோதி ஏராளமான மாலுமிகளை இழந்த கப்பல். தென் அட்லாண்டிக்கில் அன்று அடிபட்டது பசிபிக் போரின் மிச்சம்.

கடற்படை என்பது தன் சேவையைத்தானே எழுதும், அடுத்தவன் கொடியில் நடந்ததை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமாகச் சொன்னால் அவர்கள் மேல் பெரிய குற்றமும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட கப்பல் அகராதியின் எட்டுத் தொகுதிகளும் 1959-க்கும் 1981-க்கும் இடையில் அச்சானவை, பெல்கிரானோ மூழ்கியது அவற்றில் எப்படி வரும்? என் கோபமெல்லாம் அதற்குப் பின்னால் வந்து அப்படியே காப்பியடிக்கிறவர்கள் மேல்தான். அமெரிக்கர்கள் 1951-இல் நிறுத்துகிறார்கள், அர்ஜென்டினாக்காரர்கள் 1951-இல் ஆரம்பிக்கிறார்கள், ஆங்கிலேயர்களுக்கு அந்தக் கப்பல் மே 2 அன்று மட்டும்தான் இருந்தது. விட்டுப்போகிற பகுதிதான் சங்கடமான பகுதி என்பதையும் கவனியுங்கள்: நண்பன் என்று சொல்லி ஆயுதம் கொடுத்தோமே, அதை அவன் யார் மேல் திருப்பினான்?

கோச்சாதெப்பே கதை தெரியுமா? ஹார்வுட் என்ற அமெரிக்க டெஸ்ட்ராயர், 1971-இல் துருக்கிக்குப் போய் இந்தப் பெயர் வாங்கியது. அது கியரிங் என்ற வகை, அதே வகைக் கப்பல்களைக் கிரீஸுக்கும் அமெரிக்கா கொடுத்திருந்தது. 1974 ஜூலை 21 அன்று சைப்ரஸ் பக்கம் துருக்கி விமானங்கள் தங்கள் கப்பலையே கிரேக்கக் கப்பல் என்று நினைத்து மூழ்கடித்துவிட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஒரே கடையிலிருந்து ஒரே சரக்கைக் கொடுத்தால் வானத்திலிருந்து பார்க்கிறவன் என்ன செய்வான்?

நம்மூர் ஆட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கியைப் பற்றி எத்தனை பதிவுகள், எத்தனை காணொளிகள், எல்லாம் 1971 நவம்பரில் கராச்சியிலிருந்து அது கிளம்புவதில் தொடங்கும். அதற்கு முன் அது டயப்லோ. மெய்ன் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் தளத்தில் கட்டி 1945 மார்ச் 31-இல் சேவைக்கு வந்து, ஆகஸ்ட் 10 அன்று பேர்ல் ஹார்பரிலிருந்து முதல் போர் ரோந்துக்குக் கிளம்பி, போய்ச் சேர்வதற்குள் ஜப்பான் பணிந்துவிட்டதால் எதிரியைப் பார்க்காமலே குவாமில் போய் நின்ற கப்பல். 1964-இல் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குப் போனது. சோவியத் பயத்தில் கொடுத்த கப்பல் 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் இந்தியக் கரைக்கு வந்து நின்றது, அப்போது நம்மிடம் நீர்மூழ்கியே கிடையாது. அந்தப் போருக்குப் பிறகு அமெரிக்கா ஆயுதத்தடை போட்டதால் பழுதுபார்க்கத் துருக்கிக்குப் போக வேண்டியிருந்தது, சூயஸ் மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு.

1971 டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே அது மூழ்கியதற்கு இந்தியா ஒரு காரணம் சொல்கிறது, பாகிஸ்தான் வேறு காரணம் சொல்கிறது. நம் விமானந்தாங்கி விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, அது இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று வானொலிச் செய்திகளால் நம்பவைத்த திட்டம் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணனுடையது, அதை யாரும் மறுப்பதில்லை. விக்ராந்த் மாதிரி வேஷம் போட்ட ராஜ்புத் டெஸ்ட்ராயரோ 1942-இல் பிரிட்டன் கட்டிய ராதர்ஹாம். விக்ராந்தே 1945-இல் நீரில் இறக்கிப் பாதியில் விட்ட ஹெர்குலிஸ். வங்காள விரிகுடாவில் நடந்த நம்முடைய பெருமைக்குரிய நாடகத்தில் மூன்று பாத்திரங்களுமே ஹிட்லர் காலத்தில் வேறு யாருக்காகவோ கட்ட ஆரம்பித்தவை.

இப்படி இன்னும் நிறைய. அதர்ட்டன் என்ற சின்ன எஸ்கார்ட் (துணைக்காவல்) கப்பல் 1945 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றை மூழ்கடித்துவிட்டு, பத்தே ஆண்டில் ஜப்பானியக் கடற்படையில் ஹட்சுஹி என்ற பெயரில் சேர்ந்தது, பிறகு பிலிப்பைன்ஸில் ராஜா ஹுமபோன் ஆகி 2018 வரை ஓடியது. அமெரிக்கச் சேவை எவ்வளவு என்று பார்த்தால் சில ஆண்டுகள்தான், மற்றதெல்லாம் வெளியில்.

ஸ்பானிஷ், துருக்கி, போர்த்துகீசிய மொழி தெரிந்த நண்பர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி. அந்தந்த நாட்டு மாலுமிகள் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் கீழே சொல்லுங்கள். குறிப்பாகத் தமந்தாரே பற்றி. கோட்டையிலிருந்து குண்டு வந்தபோது அந்தக் கப்பலில் இருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.