திரிபோஷா சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடுமா?

“திரிபோஷா மாட்டுத்தீவனம், கர்ப்பிணி சாப்பிட்டால் பிள்ளை பெருத்து, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டிவரும்” என்று திருகோணமலையில் வட்ஸ்அப் வழியாகப் பரவும் குரல்பதிவு தவறானது. சோளம், சோயா என்ற பெயர்களைக் கேட்டதும் தீவனம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் 1973 முதல் இலங்கையில் இலவசமாக வழங்கப்படும் இந்த மா, அவ்விரண்டையும் பதப்படுத்தி, பால்மாவும் விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்து, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறுபிள்ளைகளுக்கும் என்றே தயாரிக்கப்படுவதாகும்.

மாதத்துக்கு 750 கிராம் பைக்கற்றுகள் இரண்டு என்றால் நாளொன்றுக்கு 50 கிராம், அதாவது ஏறக்குறைய 200 கலோரி மட்டுமே. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்குத் தாயின் கட்டுப்படாத நீரிழிவும் அதிக உடல்நிறையுமே முக்கிய காரணங்கள் என்பதால், சீனி வருத்தம் உள்ளவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது. மாறாக, 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளைக்குத்தான் தொற்றும் வளர்ச்சிக் குறைவும் எளிதில் நேர்கின்றன.

பைக்கற் வீட்டுக்கு வந்ததும், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து வெந்நீர் தெளித்துப் பிடித்த உருண்டைகளை முழுக் குடும்பமும் பகிர்ந்துண்ண, தாய்க்கு ஒன்றுதான் மிஞ்சுகிறது. குரல்பதிவு இதைப் பற்றிப் பேசியிருக்கலாம். பூஞ்சணம் பிடித்த அல்லது காலாவதியான பைக்கற்றை உண்ணாமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.