லோகோ எந்த வரிசையில் இருந்தால் சாதம் வேகும்?

எங்கள் பகுதிச் சபைகள் ஒன்றாகச் சேர்ந்து ஜெபத்துக்கும் மழைக்கால நிவாரணத்துக்கும் ஏற்பாடு செய்தன. பேனரில் தன் லோகோ கீழே போய்விட்டது என்று ஒரு சபை விலகிக்கொண்டது. அந்த பேனர் விவகாரத்தில் யார் எந்தப் பக்கம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெயர் போட்டு எழுதப்போவதில்லை. எழுதாமலே விட்டிருப்பேன். விலகிய சபை எழுதி, நேற்று வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்த நாலு பக்க விளக்கக் கடிதம்தான் விடமாட்டேன் என்கிறது. "எங்கள் சபையின் கனம் காக்கப்படவில்லை" என்கிறது கடிதம். சரி ஐயா. ஃப்ளெக்ஸில் உங்கள் லோகோ இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டது, பக்கத்தில் இருந்ததைவிட ஒன்றரை இஞ்ச் சின்னது என்று டேப் வைத்தே அளந்திருக்கிறீர்கள். அதனால் ஒருங்கிணைந்த ஜெபத்திலிருந்து விலகினீர்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சமையலுக்குத் தருவதாகச் சொன்ன பள்ளிக்கூட ஹால் போனது, ஜெனரேட்டர் போனது, மழை வந்தால் உதவி தேவைப்படும் வீடுகளைத் தெருத் தெருவாகப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்த வாலிபப் பிள்ளைகளும் போனார்கள். பட்டியலும் அவர்களோடு போனது.

அப்புறம் மழை வந்தது.

மெயின் ரோட்டை ஒட்டிய முதல் தெருவில் அன்று மதியம் ஐந்து சபைகளின் வண்டி நின்றது. அங்கே ஒரு பாட்டியின் திண்ணையில் பதினொரு பொட்டலம், ஐந்து விதமான ஸ்டிக்கர். சாயங்காலம் அவர் அதைப் பிரித்துப் பிரித்து நாய்களுக்கு வைத்துக்கொண்டிருந்தார். நாலு பொட்டலம் ஊசிப்போயிருந்தது. அங்கிருந்து நாலு தெரு தள்ளி, வண்டி நுழையாத சந்து. முழங்கால் அளவு தண்ணீர். அதில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவர் வீட்டில் காலையிலிருந்து பிஸ்கட்டும் தண்ணீரும்தான். அந்த வீடு பட்டியலில் இருந்தது. பக்கத்தில் 'தரைத்தளம், நடக்க முடியாதவர்' என்று குறிப்பும் இருந்தது. ஆனால் பட்டியல் யாரிடம் இருந்தது? கனம் காக்கப்படாத சபையிடம்.

இதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சபைகளுக்குள் ஒற்றுமை இருக்கிறதா என்று பார்க்க மேடையைப் பார்க்க வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பட்டியல், ஒரு அடுப்பு. இந்த இரண்டும் இல்லாமல் பத்து ஆயர்கள் கைகோத்து நின்றால் அது குரூப் போட்டோ.

உடனே "ஜெபத்தைக் கேலி செய்கிறார்" என்று ஒருவர் வருவார். வேண்டாம். பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எரேமியா சொன்னது எனக்கும் தெரியும். அதே வாக்கியத்தில் அந்தச் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் இருக்கிறது. நான் கேட்பது, அந்த ஜெபத்தில் என்ன ஜெபிக்கிறோம் என்பதுதான். "ஆண்டவரே, சென்னை மாநகரத்தை ஆசீர்வதியும்." ஆமென். சென்னையில் 200 வார்டு இருக்கிறது. நீங்கள் எந்த வார்டு? அங்கே எந்தத் தெருவில் கழிவுநீர் எதிர்த்து ஏறுகிறது? ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸைக் கேட்டால் எந்தக் காய்ச்சல் கூடியிருக்கிறது என்று சொல்வார். தலைமை ஆசிரியரைக் கேட்டால் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார்கள் என்று சொல்வார். துப்புரவு மேற்பார்வையாளருக்கு அடைத்துக்கொள்ளும் வடிகால் எல்லாம் மனப்பாடம். மாதம் ஒருமுறை இந்த மூன்று பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து அதை வைத்து ஜெபித்துப் பாருங்கள். 'ஆமென்' சொல்லி முடிக்கும்போது கையில் வேலைப் பட்டியல் இருக்கும்.

கூட்டு ஜெபம் எங்கே கெடுகிறது என்பதும் ரகசியம் இல்லை. பிரசங்கம் வைத்தால் கெடும். மூன்று நிமிடம் என்று மைக் கொடுத்தால் இருபது நிமிடம் ஓடும், அடுத்தவர் விடுவாரா, அவர் இருபத்தைந்து. காணிக்கை எடுத்தால் கெடும். இடம் கொடுக்கும் சபையின் ஆயரே நடத்தினாலும் கெடும். ஒரு மணி நேரம், சபை சபையாகச் சுற்றி, இடம் கொடுத்தவர் டீ மட்டும் கொடுக்கட்டும், நடத்துவது வேறொருவர். பிரசங்கம் இல்லை, காணிக்கை இல்லை, மேடை நாற்காலி இல்லை. நாற்காலி இல்லாவிட்டால் பாதிச் சண்டைக்கு வழியே இல்லை.

இப்போது பட்டியல். தெரு வாரியாகப் பிரிக்க வேண்டும், சபை வாரியாக அல்ல. ஒரு சபைக்கு எட்டுப் பத்துத் தெரு என்றால் அந்தத் தெருக்களில் உங்கள் சபையார் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அது உங்கள் பொறுப்பு. வீட்டு எண், தரைத்தளமா மாடியா, எத்தனை பேர், கைக்குழந்தை, கர்ப்பிணி, படுத்த படுக்கை, டயாலிசிஸ், இன்சுலின் போடுகிறவர், ஒரு போன் நம்பர். போதும். மதம், சாதி என்று கட்டம் போடாதீர்கள். ஆதார் நகல் வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த நாள் எதற்கு என்று கேட்பார்கள், பதில் இருக்காது. இன்சுலின் போடுகிறவர்களைக் குறிப்பது சும்மா இல்லை. கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் நின்றுவிடும், அதில் வைத்திருக்கும் மருந்துக்கும் ஆபத்து. பட்டியலைக் காகிதத்திலும் இரண்டு பிரதி வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் டவர்களே படுத்துவிட்டன.

அடுப்பு. ஆளுக்கு அரிசி 100 முதல் 120 கிராம், அதாவது 500 பொட்டலத்துக்கு 50 முதல் 60 கிலோ. ஐந்து சபை ஐந்து இடத்தில் சமைத்தால் ஐந்து மாஸ்டர், ஐந்து அடுப்பு, ஐந்து இடத்திலும் மிச்சம். ஒரே இடத்தில் சமைத்தால் பாதிப் பேர் பாத்திரம் கழுவாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போகலாம். முதல் நாள் சாம்பார் சாதம் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது? பருப்பும் காய்கறியும் சேர்ந்தது சீக்கிரம் ஊசும், தேங்காய் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை தாங்கும். எதுவானாலும் கொதிக்கக் கொதிக்கக் கவரில் கட்டக் கூடாது. ஆவி உள்ளேயே வியர்த்துத் தண்ணீராக இறங்கும், அதுதான் கெடுக்கிறது. பெரிய தட்டில் பரப்பி ஆவி போனதும் கட்டி, சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மாஸ்டர் விடிகாலை மூன்று மணிக்கே இறக்கிவைத்துவிடுவார். ஆயர் வந்து ஜெபித்து, போட்டோ எடுத்து, வண்டி கிளம்பும்போது பதினொன்று. அந்தப் பாட்டியின் திண்ணையில் நாறியது அதுதான்.

ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்தில் மார்க்கர் பேனாவால் சமைத்த நேரத்தை எழுதுங்கள். சாப்பிடுகிறவருக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான்.

ஹால் திறந்துவிட்டால் முகாம் ஆகிவிடாது. முதலில் கழிப்பறையை எண்ணுங்கள். இருபது பேருக்கு ஒன்று, படுக்க ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர் என்பது உலகம் முழுக்கப் பேரிடர்ப் பணியில் வைக்கும் கணக்கு. இரண்டு கழிப்பறை உள்ள ஆலயத்தில் இருநூறு பேரைத் தங்கவைத்தால் இரண்டாம் நாளே பெண்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள், தண்ணீர் வடியாத வீட்டுக்கு. பெண்களுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும். ஜெனரேட்டர் காம்பவுண்டின் மூலையில் தரையோடு தரையாக இருந்தால் முதலில் மூழ்குவது அதுதான். சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில், வெள்ளம் புகுந்திருந்தால் மேலே பிளீச்சிங் பவுடர் தூவிப் பயன் இல்லை. முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, அப்புறம்தான் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர், ஒரு மணி நேரம் விட வேண்டும். போன வருஷம் பிரித்து மூலையில் வைத்த மூட்டை வேலைக்கு ஆகாது. வீடு கழுவும்போது பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றக் கூடாது, விஷ வாயு கிளம்பும். உற்சாகமான வாலிபர்கள் செய்கிற முதல் தப்பு இதுதான்.

இத்தனையையும் ஒரு சபை தனியாகச் செய்ய முடியாது. பழைய சபைகளிடம் கட்டடம், பள்ளிக்கூடம், காம்பவுண்டு உண்டு; கூப்பிட்டால் வருகிறவர்களுக்கு அறுபது வயது. புதிய சபைகள் மாடி வாடகையில் இருக்கின்றன. ஒரு மெசேஜ் போட்டால் முப்பது பிள்ளைகள் பைக்கில் வந்து நிற்பார்கள். ஒருவரிடம் இல்லாதது அப்படியே அடுத்தவரிடம் இருக்கிறது. இதைப் பார்த்தும் லோகோ அளக்கத் தோன்றுகிறது என்றால் என்ன சொல்ல.

சரி, ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"உபதேச வித்தியாசம் இருக்கிறதே?" இருக்கட்டும். யாரும் உங்களை ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற சண்டை புளியோதரையில் கிடையாது.

"வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது, அதனால்தான் நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை." ரொம்ப நல்லது. அப்படியானால் பொட்டலத்தில் அந்த ஸ்டிக்கர் எப்படி வந்தது, இடது கை ஒட்டியதா?

"சேர்ந்து செய்தால் மதமாற்றம் என்பார்கள்." இது நியாயமான பயம், இதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். சொல்கிறவர்கள் எப்படியும் சொல்வார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி நாமே எடுத்துக் கொடுப்பது. பொட்டலத்துக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள். வரிசையில் நிற்கவைத்து ஜெபித்துவிட்டுச் சாப்பாடு கொடுக்காதீர்கள். பசியோடு நிற்கிறவர் கண்ணை மூடுவது ஜெபம் இல்லை, வேறு வழியில்லாமை. அவராகக் கேட்டால் ஜெபியுங்கள், தாராளமாக. வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே தெருக்களின் பெயரைக் கொடுத்துவையுங்கள். பக்கத்துப் பள்ளிவாசல்காரர்களும் கோயில் அன்னதானக்காரர்களும் அன்று அதே தெருவில்தான் இருப்பார்கள். அவர்களிடமும் பட்டியலைக் காட்டுங்கள். 2015-ல் இதெல்லாம் யாரும் சொல்லாமலே நடந்தது. கேள்வி கேட்க வந்தவர் கையில் மதம் எழுதாத ஒரு வீட்டுப் பட்டியலைக் கொடுத்தால் அவருக்குப் பேச அதிகம் இருக்காது.

"பணத்தை யார் வைத்திருப்பது?" யாரும் வேண்டாம். பொதுக் கணக்கே தொடங்காதீர்கள். 2020-ல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தை ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு மாற்றவே முடியாது. அரிசிக் கடை பில் ஒரு சபை, கேஸ் ஒரு சபை, வேன் டீசல் ஒரு சபை. அவரவர் கடைக்காரருக்கு நேரே கட்டி, பில்லைக் குழுவில் போட்டால் முடிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. வெளியே சொல்லாத ஆட்சேபத்துக்குத்தான் பதில் இல்லை. "நம்ம வாலிபர்கள் அங்கே போனால் அங்கேயே தங்கிவிடுவார்கள்." ஆடு திருடுகிறார்கள் என்ற பயம். பாஸ்டர், ஒரு நாள் சாதம் கட்டப் போன பிள்ளை உங்களை விட்டுப் போகிறான் என்றால் அவன் என்றைக்கோ போய்விட்டான்.

அதற்கும் கீழே இன்னொன்று. எழுதினால் கோபம் வரும், வரட்டும். லோகோவின் வரிசை பற்றிய சண்டை லோகோவைப் பற்றியதே அல்ல. எந்தச் சபை எந்த ஊர்க்காரர்களுடையது, எந்தச் சாதிக்காரர்களுடையது என்று மேடைக்குக் கீழே எல்லாருக்கும் தெரியும். "அவங்களுக்குக் கீழ எங்க பேரா?" என்று அன்று ஒருவர் கேட்டாரே, அந்த "அவங்க" யார் என்று கேட்டவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கும் தெரியும். நாலு பக்கக் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் காணோம். பூசி மெழுகியது போதும்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவும் மற்ற சபைக்காரர்களும் கூடி, இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்றார்கள். ஒன்றாகச் சேரும் சபைக்குப் பேராயர் பதவி வேண்டுமா வேண்டாமா என்று 28 வருஷம் வாதாடினார்கள். 1945 புத்தாண்டு அன்று அசரியா இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27-ல் இதே சென்னையில், கதீட்ரல் சாலையில் உள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆனது. வெளியிலிருந்து வந்த பிரிவினை என்றாவது அவர்களால் சொல்ல முடிந்தது. ஒன்றரை இஞ்ச் எந்த மிஷனரி கொண்டுவந்தது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் 2015-லும் 2023-லும் டிசம்பரில் தண்ணீர் நின்றது, மறந்துவிடாதீர்கள். விலகிய சபை மேடைக்குத் திரும்பி வர வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். அந்தப் பட்டியலை மட்டும் திருப்பிக் கொடுங்கள். மற்றவர்கள் திங்கட்கிழமை இதைப் பற்றிப் பேசக் கூடும்போது சபைக்கு ஒரு ஆள் போதும். ஆயர்தான் வர வேண்டும் என்றில்லை, சாவி வைத்திருப்பவர் வந்தால் இன்னும் நல்லது. உங்கள் வளாகத்தில் எத்தனை கழிப்பறை வேலை செய்கிறது, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் கதவைத் திறப்பார், ஜெனரேட்டர் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். பேனர் அடிக்கவில்லை.