செயற்கைக்கோள் படத்தில் தெரியும் புகை எந்த உயரத்தில் இருக்கிறது?

காட்டுத்தீப் புகை தெரியும் செயற்கைக்கோள் படம் ஒன்றைப் பகிர்ந்து, புகைப் படலம் தெரியும் ஊர்களில் எல்லாம் மக்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. படத்தில் தவறில்லை, அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியாக வரவில்லை. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. புகை தரையை ஒட்டிக் கிடந்தாலும், சில கிலோமீட்டர் உயரத்தில் மிதந்தாலும், படத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி சாம்பல் படலம்தான். 2023 ஜூன் முதல் வாரத்தில் கனடா காட்டுத்தீயின் புகை நியூயார்க்கில் தரைவரை இறங்கியது, வானமே ஆரஞ்சு நிறமானது. அதே மாதக் கடைசியில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போன புகையோ பெரும்பாலும் உயரத்திலேயே நகர்ந்தது. வானம் மங்கியது, கீழே காற்று அவ்வளவாகக் கெடவில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் தேதியைக் கொடுத்துப் படத்தைத் திறங்கள். அப்புறம் அதே நாளில் அந்த ஊரின் தரைக் கருவிகள் பதிவு செய்த பிஎம் 2.5 அளவை, அதாவது காற்றில் கலந்திருக்கும் மிக நுண்ணிய துகள்களின் அளவைப் பாருங்கள். ஓப்பன்ஏக்யூ தளத்தில் பல நாடுகளின் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. படலம் அடர்த்தியாக இருந்தும் அந்த எண் வழக்கம்போல இருந்தால், புகை பெரும்பாலும் தலைக்கு மேலே போகிறது. எண் ஏறியிருந்தால் தாராளமாக எச்சரியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த எச்சரிக்கை மிகவும் தேவை.