"பழகிவிடும்" என்று சொல்லாதீர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இன்று குலிம், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறார்கள். என் தம்பி மகனுக்கு இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவன், சொல்ல வந்ததைப் பாதியில் மறந்துவிட்டு விழித்தபோது, "பழகிவிடும்" என்று பெரியவர்கள் தேற்றினார்கள். அந்த ஒரு சொல்லைத்தான் நான் மறுக்கிறேன்.

நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பிமால்-1, கிளாக் என்னும் இரு மரபணுக்களின் புரதங்கள் இணைந்து பீரியட், கிரிப்டோகுரோம் மரபணுக்களைத் தூண்டுகின்றன. அவற்றால் உருவாகும் புரதங்கள் பெருகியதும், தம்மைத் தூண்டிய இணையையே அடக்கிவிட்டுப் பிறகு மெல்லச் சிதைகின்றன. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் இச்சுற்று மீண்டும் தொடங்குகிறது. பீரியட் மரபணுவைப் பழ ஈயில் கொனோப்காவும் பென்சரும் 1971இல் கண்டறிந்தார்கள். இச்சுற்று இயங்கும் முறையை விளக்கிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மரபணுக்களின் வேலை தூங்க வைப்பது மட்டுமே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எரிக் மியூசிக்கும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட எலி ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. மூளையின் பெரும்பகுதியில் பிமால்-1 நீக்கப்பட்ட எலிகளுக்கு, தலைமைக் கடிகாரமான சிறு நரம்பு முடிச்சில் மட்டும் அது எஞ்சியிருந்ததால், அவை வழக்கம்போல் தூங்கி விழித்தன. ஆயினும் ஆக்சிஜன் வினைகளால் வரும் சேதம் அவற்றின் மூளையில் கூடியது, நரம்பணுக்களைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் அழற்சி நிலைக்குப் போயின, நரம்பணு முனைகளின் இணைப்புகள் நலிந்தன. அதாவது, மூளை உயிரணுவின் அன்றாடப் பராமரிப்பையே இக்கடிகாரம் கவனிக்கிறது. எலிக்கு மரபணுவை நீக்குவதும் மனிதன் ஷிப்டு மாறுவதும் ஒன்றல்ல என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

பழக்கத்துக்கு வருவோம். தலைமைக் கடிகாரத்தைத் திருத்துவது கண்வழியாக வரும் ஒளி. இரவு முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தில் காலை வெயில் முகத்தில் அடிக்க வீடு திரும்புகிறவனின் கடிகாரம், அந்த ஒளியால் பகலுக்கே இழுக்கப்படுகிறது. வார விடுமுறையில் குடும்பத்தோடு பகலில் விழித்திருந்தால் மேலும் இழுபடும். நிரந்தரமாக இரவில் மட்டுமே வேலை செய்வோரில்கூடப் பெரும்பாலோரின் கடிகாரம் முழுமையாக மாறுவதில்லை. இதில் பழகுவது எங்கே?

என் அம்மா விடியுமுன் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறி ரப்பர் பால் ஓட்டம் குறையுமுன் மரங்களின் பட்டையை வெட்டி முடிக்க ஓடியவர். அந்த வாழ்க்கையை நான் புகழவில்லை. கொசுக்கடியும் கூலிப் பற்றாக்குறையும் எனக்கு நினைவிருக்கின்றன. ஆனால் அவர் விழித்த நேரமும் படுத்த நேரமும் ஆண்டுக்கணக்கில் மாறியதில்லை.

இரவு வேலையை அடியோடு நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. சம்பளப் பேச்சில் இரவு அலவன்ஸுக்கு மட்டும் வாதாடாமல், ஷிப்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, மாறும்போது இடையில் எத்தனை நாள் ஓய்வு என்பதையும் தொழிலாளர்கள் மேசையில் வைக்க வேண்டும். பத்து ரிங்கிட் கூடக் கேட்பவர்கள் இதைக் கேட்கத் தயங்குவது எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை தம்பி மகனுக்கு மீண்டும் இரவு ஷிப்டு. அறைச் சன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை தைத்தாகிவிட்டது. பகலில் வானொலிச் சத்தத்தைக் குறைக்கும்படி பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன்.